போருக்கு முன் ஒரு கெடு: விண்வெளிச் சாகசப் படத்தில் நாயகனின் இறுதி எச்சரிக்கையை எழுதும் முறை

விண்வெளிச் சாகசப் படத்துக்குத் திரைக்கதை எழுத முதன்முதலாக அமர்பவர்கள் மிக ஆவலோடு எழுதும் காட்சிகளில் ஒன்று, பெரும்போருக்குச் சற்று முன்னால் வருவது. எதிரியின் படை முழுவதும் எதிரே அணிவகுத்திருக்க, தனியாளாக நிற்கும் நாயகன் குரலை உயர்த்தாமல் ஒரு கோரிக்கையை வைத்து, அதை மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறான். ஆவலோடு எழுதப்படும் இதே காட்சிதான் பல கையெழுத்துப் பிரதிகளில் மிகவும் பலவீனமாக இருக்கிறது. எழுதுபவர் அதை ஒரு பஞ்ச் வசனமாக நினைத்துவிடுவதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். பஞ்ச் வசனம் அரங்கிலிருப்பவர்களைப் பார்த்துப் பேசப்படுவது. கெடு, எதிரே நிற்கும் ஒருவனின் மனத்தை மாற்றுவதற்காகப் பேசப்படுவது. எதிரி தன் கோரிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாயகன் உண்மையாகவே விரும்பினால் மட்டுமே அந்த அமைதி நம்பத்தக்கதாக இருக்கும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தவை.

படிகளை விளக்குவதற்கு வசதியாக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். பனி மூடிய துணைக்கோள் ஒன்றின் சுரங்கத்தில் 400 தொழிலாளர்கள் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றிவரும் பெரிய போர்க்கலத்தின் தளபதி, அவர்களை விடுவிக்க மறுக்கிறான். ஆயுதமில்லாத சரக்குக் கலம் ஒன்றில் நாயகன் தனியாக வருகிறான்.

முதற்படி: கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வசனத்தைத் தொடுவதற்கு முன்னால், நாயகனுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது, "சுரங்கத்தின் கதவுகள் திறக்கப்பட வேண்டும்" என்பது. "கொடுங்கோன்மை ஒழிய வேண்டும்" என்பது போன்ற பெரிய வாக்கியம் இங்கே உதவாது. எதிரி அடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் தன் கையால் செய்து முடிக்கக்கூடிய ஒரு செயலாக அது இருக்க வேண்டும்.

அதற்குக் கீழே இன்னொரு கேள்விக்கும் விடை எழுதுங்கள்: எதிரி "சரி" என்று சொல்லிவிட்டால் நாயகன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்கு விடையில்லாத கெடுக்களே மிகுதி. எழுதியவருக்குப் போர் வேண்டும். அதனால் நாயகனுக்கும் போர்தான் வேண்டும் என்பது போல வசனம் அமைந்துவிடுகிறது. பார்ப்பவர் அதை உடனே உணர்ந்துகொள்கிறார். எதிரி இசைந்தால் 400 பேரையும் ஏற்றிக்கொள்ளச் சரக்கறையில் இடம் ஒழிக்கப்பட்டிருக்கிறது, போர்வைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று காட்சியின் தொடக்கத்திலேயே ஒரு ஷாட்டில் காட்டிவிட்டால், அவன் போரிட வந்தவனல்ல, ஆட்களை அழைத்துப்போக வந்தவன் என்பது ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கிவிடும்.

கெடுவின் அமைப்பு மிகப் பழையது. கோரிக்கை, காலவரை, மறுத்தால் வரும் விளைவு என்பவையே அதன் மூன்று உறுப்புகள். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைகளுள் ஒன்று, முன்னறிவிப்பு இல்லாமல் போரைத் தொடங்கக் கூடாது என்றும், அந்த அறிவிப்பு காரணங்களோடு கூடிய போர்ப் பிரகடனமாகவோ நிபந்தனையோடு கூடிய இறுதிக் கெடுவாகவோ இருக்கலாம் என்றும் வகுத்தது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, கம்பராமாயணத்தின் அங்கதன் தூதுப் படலத்தில், தேவியை விடுவதா ஆவியை விடுவதா என்ற இரண்டே வழிகள் இராவணன்முன் வைக்கப்படுகின்றன. "விடு" என்ற ஒரே வினைச்சொல் இரண்டு வழிகளையும் தாங்கி நிற்பதைக் கவனியுங்கள். கேட்பவனுக்கு மூன்றாவதாக ஒரு வழியைத் தேட அங்கே இடமில்லை.

இரண்டாம் படி: அமைதி எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள்

"நாயகன் அமைதியாகச் சொல்கிறான்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டால் நடிகர் குரலைத் தாழ்த்துவார், அமைதி வந்துவிடாது. அதற்குக் கதைக்குள் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். எதிரிக்குத் தெரியாத ஓர் ஏற்பாட்டை நாயகன் முன்பே செய்து முடித்திருக்கலாம். அல்லது தன் உயிர் போனாலும் போகட்டும் என்ற முடிவுக்கு அவன் வந்துவிட்டிருக்கலாம். அல்லது எதிரியை நெடுங்காலம் அறிந்தவனாக, அவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பதை அறிந்திருக்கலாம். இவற்றில் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் சேர்த்துவிட்டால் நாயகனுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றாகிவிடும். ஆபத்தில்லாதவனின் அமைதியைப் பார்த்து யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரமாட்டார்கள்.

நம் கதையில் முதல் வகையை எடுத்துக்கொள்வோம். விண்வெளியில் காற்றில்லாததால், ஒரு கலத்தின் எஞ்சின்களில் பிறக்கும் வெப்பம் காற்றில் கலந்து வெளியேற வழியில்லை. அகன்ற தகடுகளின் வழியாகக் கதிர்வீச்சாக மட்டுமே அது வெளியேற முடியும். பன்னாட்டு விண்வெளி நிலையமும், அம்மோனியா ஓடும் குழாய்களின் மூலம் வெப்பத்தை அத்தகைய தகடுகளுக்குக் கொண்டுசென்றுதான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. போர்க்கலத்தின் அந்தத் தகடுகளைச் சென்ற வாரம் பழுது பார்த்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஒரு சமிக்ஞையை அனுப்பினால் குளிர்விக்கும் குழாய்களின் வால்வுகள் மூடிக்கொள்ளும்; அதன்பின் எஞ்சினை இயக்கினால் சில நிமிடங்களில் கலமே உலையாகிவிடும் என்பதால், கலம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நாயகனின் அமைதிக்கு இப்போது கையால் தொட்டுக்காட்டக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. அது மந்திரமாகவோ பிறவி வீரமாகவோ இல்லாமல், பலருடைய உழைப்பாக இருப்பது இந்தக் காட்சிக்குக் கூடுதல் வலிமை என்பது என் எண்ணம்.

இதே படத்தின் முற்பகுதியில் நாயகன் அமைதியிழந்த ஒரு தருணமும் இருக்க வேண்டும். அவன் கத்தியிருக்க வேண்டும், அவசரப்பட்டிருக்க வேண்டும், அதனால் யாரையோ இழந்திருக்க வேண்டும். அந்தக் காட்சி இல்லாவிட்டால், இப்போதைய அமைதி அவனுடைய இயல்பாகத் தோன்றுமே தவிர, அவன் விலை கொடுத்துப் பெற்றதாகத் தோன்றாது.

மூன்றாம் படி: பார்ப்பவருக்கு எவ்வளவு தெரியலாம்?

மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் பிறக்கும், தெரியாமல் வெடித்தால் ஒரு நொடி அதிர்ச்சி மட்டுமே பிறக்கும் என்று இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் விளக்கிய வேறுபாடு இங்கே நேரடியாகப் பயன்படும். ஆனால் கெடுக் காட்சியில் முழுவதும் தெரிந்திருப்பதும் நல்லதல்ல, எதுவும் தெரியாதிருப்பதும் நல்லதல்ல. தொழிலாளி ஒருவர் வால்வு ஒன்றின் அடியில் சிறிய கருவியைப் பொருத்துவதை முன்பே ஒரு முறை காட்டுங்கள். அது எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். நாயகன் பேசத் தொடங்கும்போது, அந்தக் கருவி பார்ப்பவரின் நினைவில் தானாக மேலெழுந்து வரும். கெடு வெறும் மிரட்டலா, அதற்குப் பின்னால் ஏதேனும் உண்மையா என்ற ஐயம் எதிரிக்கு இருப்பது போலவே பார்ப்பவருக்கும் பாதியளவு இருக்க வேண்டும்.

நான்காம் படி: வசனம்

முதல் வரைவு ஏறத்தாழ இப்படித்தான் வரும், வரட்டும்:

"என்னை யாரென்று நினைத்தாய்? என் பெயரைக் கேட்டால் இந்த அண்டமே நடுங்கும்! அந்த மக்களை இப்போதே விடுவிக்காவிட்டால், உன்னையும் உன் படையையும் தூள்தூளாக்கி விண்மீன்களுக்கு நடுவே தூவிவிடுவேன்!"

இதில் குறை சொற்களின் சூட்டில் மட்டும் இல்லை. முதலிரண்டு வாக்கியங்கள் நாயகனைப் பற்றியவை; விடுவிக்கப்பட வேண்டியவர்கள் மூன்றாவது வாக்கியத்தில்தான் தலைகாட்டுகிறார்கள். இசைந்தால் எதிரிக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. மிரட்டலும் அளவுக்கு மீறியதாக இருப்பதால், அதைச் செய்துகாட்ட முடியும் என்று யாரும் நம்பப்போவதில்லை. இப்போது ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.

முதலில் நாயகன் தன்னைப் பற்றிப் பேசும் அனைத்தையும் நீக்குங்கள். அவன் யார் என்பதைப் படம் முன்பே காட்டிவிட்டது. அடுத்து, "நீ" என்பதை "நீங்கள்" ஆக்கிப் பாருங்கள். தமிழில் ஒருமைக்கும் மரியாதைப் பன்மைக்கும் உள்ள இடைவெளி இந்தக் காட்சிக்குக் கிடைத்த பெரிய கொடை என்றே நான் நினைக்கிறேன். சினம் கொண்டவன் சட்டென்று ஒருமைக்கு இறங்கிவிடுவான். அழிக்க வல்லவனாக இருந்தும் "நீங்கள்" என்று சொல்பவன், தன்னைக் கட்டிக்காத்துக்கொண்டு நிற்கிறான் என்பது அந்த ஒரு விகுதியிலேயே தெரிந்துவிடும். தளபதி அவனை "நீ" என்று அழைக்கட்டும். காட்சி முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே நீடிக்கட்டும்.

பிறகு வாக்கியத்தின் முடிவைப் பாருங்கள். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து அமர்வதால், எது நடக்கும், எது நடக்காது என்பதைக் கேட்பவன் கடைசிச் சொல் வரை காத்திருந்துதான் அறிய முடியும். இந்த இயல்பைப் பயன்படுத்தி, கனமான சொல்லை இறுதியில் வையுங்கள். அதற்குப் பின்னால் வேறெதையும் ஒட்டாதீர்கள். ஆச்சரியக்குறிகள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். இசைவுக்கான பகுதி நீளமாகவும், மறுப்புக்கான பகுதி குறுகலாகவும் இருந்தால், நாயகனின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அளவிலேயே வெளிப்படும்.

"தளபதி அவர்களே, சுரங்கத்தில் நானூறு பேர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போக வந்திருக்கிறேன். கதவுகளைத் திறந்துவிடுங்கள், உங்கள் கலமும் உங்கள் ஆட்களும் வந்தபடியே திரும்பிப் போகலாம், யாரும் பின்தொடரமாட்டோம். திறக்காவிட்டால், உங்கள் கலம் இனி எங்கேயும் போகாது."

"எங்கேயும் போகாது" என்பதில் கொலையும் இல்லை, தூள்தூளாக்குவதும் இல்லை. வால்வுகள் மூடிக்கொண்டால் நடக்கப்போவது எதுவோ அதை மட்டுமே அவன் சொல்கிறான். சொல்லும் செயலும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றனவோ அவ்வளவு உறுதியாக அந்த எச்சரிக்கை ஒலிக்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் இன்னொரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்வேன். புறநானூற்றின் ஒன்பதாவது பாடலில், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறப்போர் முறையை நெட்டிமையார் பாடுகிறார். அம்புகளை விடப்போகிறோம் என்ற அறிவிப்பு அங்கே பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் நோயுற்றவர்களையும் புதல்வரைப் பெறாதவர்களையும் விளித்து, பாதுகாப்பான இடம் தேடிச் சென்றுவிடச் சொல்கிறது. போருக்கு முந்தைய எச்சரிக்கை, பகைவனை விட்டுவிட்டு, பகைவன் நாட்டில் இருக்கும் ஏதுமறியாதவர்களை நோக்கித் திரும்புவது எவ்வளவு பெரிய மனம் என்பதை எண்ணிப்பாருங்கள். நம் நாயகனும் தளபதியிடம் பேசி முடித்தபின், அதே அலைவரிசையில் கலத்தின் கீழ்த்தளத்தில் வேலை செய்பவர்களிடம், "எஞ்சின் அறையில் இருப்பவர்கள் இப்போதே மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியம் மூன்று வேலைகளைச் செய்கிறது: அவன் மனிதர்களைக் கொல்ல விரும்பவில்லை என்பது தெரிகிறது, அவனிடம் உண்மையாகவே ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது என்ற அச்சம் பரவுகிறது, தளபதிக்கும் அவனுடைய ஆட்களுக்கும் இடையே முதல் விரிசல் விழுகிறது.

ஐந்தாம் படி: காலவரை

கி.மு. 168இல், எகிப்தின்மேல் படையெடுத்து வந்த, சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் மன்னனை, உரோமைத் தூதரான பொப்பிலியஸ் லைனாஸ் அலெக்சாந்திரியாவுக்கு அருகில் சந்தித்தார். தூதருடன் படை ஏதும் வரவில்லை. எகிப்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற உரோமை மன்றத்தின் ஆணையைப் படித்த மன்னன், ஆலோசித்துவிட்டுச் சொல்வதாகக் கூறியபோது, தூதர் தம் கைக்கோலால் மன்னனைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் வரைந்து, இந்த வட்டத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் விடை வேண்டும் என்றார். மன்னன் சிறிது தயங்கியபின் பணிந்தான். திரைக்கதை எழுதுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் கண்டதில்லை. காலவரை இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அது மணிக்கணக்காக இல்லாமல், ஓர் அடி எடுத்து வைப்பதாக இருக்கிறது. 1914 ஜூலை 23 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவுக்கு விதித்த 48 மணி நேரக் கெடுவும் வரலாற்றைத் திருப்பியதுதான், ஆனால் அத்தகைய நீண்ட கெடு ஒரு முழுப் படத்தைத் தாங்குமே தவிர ஒரு காட்சியைத் தாங்காது.

ஆகவே, உங்கள் காட்சியில் மண்ணில் வரைந்த வட்டத்துக்கு ஈடானது எது என்று தேடுங்கள். சுவரில் எண்கள் இறங்கும் கடிகாரம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட ஒன்று. விண்வெளி இதைவிட நல்ல கருவியைத் தானாகவே தருகிறது. வானொலி அலையும் ஒளியைப் போலவே நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். அதனால் நிலவிலிருந்து பூமிக்கு ஒரு சொல் வந்துசேர 1.3 நொடி ஆகிறது. செவ்வாயிலிருந்து வர, இரு கோள்களும் இருக்கும் நிலையைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகிறது. நாயகனின் கலம் போர்க்கலத்திலிருந்து 12 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்தால், அவன் பேசியது அங்கே சேர 4 நொடி, விடை திரும்பி வர 4 நொடி. அவனுடைய ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் குறைந்தது 8 நொடி மௌனம் இருந்தே தீரும். எழுத்தாளர் வலிந்து புகுத்தாத மௌனம் அது. இந்த 8 நொடியில் நாயகனின் முகத்தைத் தவிர வேறு எதையும் எழுத வேண்டாம்.

பல படங்களில் இந்தத் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் உடனுக்குடன் உரையாடவிடுகிறார்கள். சாகசப் படத்தில் அதை ஒரு குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் தாமதத்தை ஒரு முறை ஏற்றுக்கொண்டுவிட்டால் படத்தின் கடைசி வரை அதைக் காப்பாற்றுங்கள்.

ஆறாம் படி: எதிரியின் விடை

தளபதி சிரிக்கக் கூடாது. வில்லன் சிரிப்பது இந்தக் காட்சியில் மிகத் தேய்ந்துபோன விடை என்பதோடு, அவன் முட்டாளாக இருந்தால் நாயகனின் அமைதிக்கு மதிப்பும் இல்லாமல் போய்விடுகிறது. மறுப்பதற்கு அவனிடம் ஒரு நியாயம் இருக்கட்டும்: கதவுகளைத் திறந்துவிட்டுத் திரும்பினால் அவனை அனுப்பியவர்கள் அவனை உயிரோடு விடமாட்டார்கள் என்பது போன்ற ஒன்று. அப்போது அவனுக்கும் வெளியே வர முடியாத ஒரு வட்டம் இருக்கிறது என்று ஆகிறது. இருவருமே மாட்டிக்கொண்டவர்களாக எதிரெதிரே நிற்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு முகமும் வேண்டும். தளபதியின் அருகில் நிற்கும் இளம் அதிகாரி ஒருத்தி, எஞ்சின் அறைக்கான எச்சரிக்கையைக் கேட்டவுடன் வெப்பநிலை காட்டும் திரையை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். கெடு யாருக்காக விடுக்கப்பட்டதோ அவன் செவிகொடுக்காமல், யாரும் எதிர்பாராத ஒருத்தி செவிகொடுப்பது, போர் தொடங்கியபின் கதைக்குப் பல வழிகளைத் திறந்துவிடும்.

ஏழாம் படி: ஷாட், ஒலி, நீளம்

இதைப் பற்றி எழுத்தாளர் அதிகம் எழுத வேண்டியதில்லை. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் முடிவு செய்வார்கள். ஆனாலும் சிலவற்றை மனத்தில் வைத்து எழுதினால் காட்சி தெளிவாகும். நாயகன் திரையில் வலப்பக்கம் நோக்கிப் பேசினால் தளபதி இடப்பக்கம் நோக்க வேண்டும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது போன்ற உணர்வு அந்தப் பார்வைத் திசையால்தான் கிடைக்கிறது. க்ளோஸப்பைத் தொடக்கத்திலேயே செலவழிக்காமல், "எங்கேயும் போகாது" என்ற சொற்கள் வரை தள்ளிவைப்பது நல்லது. வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பதால், கலங்களின் வெளித்தோற்றத்தைக் காட்டும்போது முழு நிசப்தத்தைக் கேட்டு எழுதலாம். பின்னணி இசை இருந்தால், நாயகன் வாய் திறப்பதற்கு முன்பே அது நின்றுவிடட்டும். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது நடைமுறைக் கணக்கு. மௌனங்களையும் சேர்த்து இந்தக் காட்சி மூன்று பக்கத்தைத் தாண்டினால் எங்கோ யாரோ தேவைக்கு மேல் பேசுகிறார்கள்.

எட்டாம் படி: சோதித்துப் பாருங்கள்

நடிப்புப் பயிற்சி சிறிதும் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, நாயகனின் வசனத்தை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படி வாசித்தும் உங்களுக்கு ஒரு குளிர் படர்ந்தால் வசனம் சொந்தக் காலில் நிற்கிறது என்று பொருள். பிறகு அதே வசனத்தைத் தளபதியின் வாயில் வைத்துப் பாருங்கள். அது அவனுக்கும் பொருந்திவிட்டால், அதில் நாயகனுடைய மனம் இன்னும் ஏறவில்லை; திரும்பவும் முதற்படிக்குப் போய், யாருக்காக அவன் வந்திருக்கிறான் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்பதாம் படி: மறுப்புக்கும் போருக்கும் இடையே

தளபதி மறுத்தவுடன் வெடிப்புக்குத் தாவிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் கொண்டுவந்த காட்சியின் மிகச் செறிவான பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. போர்க்கலத்தில் தளபதி, "பீரங்கிகளை ஆயத்தப்படுத்துங்கள்" என்று ஆணையிட்டுவிட்டு, தொடர்பைத் திறந்து, "முடியாது" என்று சொல்கிறான். அந்தச் சொல் நாயகனைச் சென்றடைய இன்னும் 4 நொடி இருக்கிறது. பார்ப்பவருக்கு விடை தெரிந்துவிட்டது; அவனுக்கு இன்னும் தெரியாது. சரக்குக் கலத்துக்குள் கட் செய்யுங்கள். அடுக்கிவைத்த போர்வைகளுக்கு நடுவே, சமிக்ஞைப் பொத்தானுக்கு அருகில் வைத்த கையை விலக்கி மடியில் வைத்துக்கொண்டு, நல்ல விடை வரும் என்ற நம்பிக்கையோடு அவன் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.